மார்ஜினும் நூற்றறுபது காஸ்டிங்கும்

மார்ஜின் என்றால் என்ன என்று உங்களில் யாரைக் கேட்டாலும் உடனே ஒரு சதவீதம் சொல்வீர்கள். போன வாரம் இதே வங்கிப் பயிற்சி வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து என்றார் ஒரு தம்பி. புதுச் சுற்றறிக்கைப்படி இருபது என்று திருத்தினாள் பக்கத்தில் இருந்த பெண். அது எதற்காக என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற திமிர் வேறு கூடுதலாக இருந்தது.

ஒருவரிடம் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருந்தால், அதன் பேரில் வங்கி எழுபத்தைந்தாயிரம்தான் கொடுக்கும். மீதி இருபத்தைந்தாயிரம் அவருடைய சொந்தக் காசாக உள்ளே கிடக்க வேண்டும். விலை இறங்கினாலும் நாலு உருப்படி உடைந்தாலும் அந்த இருபத்தைந்து தாங்கிக்கொள்ளும். கடன் வாங்குகிற பார்ட்டி நம் தலையில் மிளகாய் அரைத்துவிடாமல் இருக்கப் போட்ட வேலி அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்று இன்று சொல்கிறேன். என் தப்பைப் பற்றிய கதைதான், அதனால் தாராளமாகச் சிரிக்கலாம்.

உண்மையில் மார்ஜினை எனக்கு முதலில் காட்டியது வங்கி இல்லை. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் தையல் மெஷின் போட்டிருந்த ஓர் அக்கா. அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அதனால்தான் குவார்ட்டர்ஸ். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த அக்கா ஆறு ரவிக்கை தைத்துக் கொடுத்து, "உள்ள ஒரு இஞ்ச் விட்டிருக்கேன், பயப்படாம சாப்பிடு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆறே மாதம், எங்கள் கிளைக்கு எதிரே இருந்த கடையின் போண்டா வேலையைக் காட்டிவிட்டது. அக்கா தையலைப் பிரித்து அந்த ஒரு இஞ்சையும் வெளியே விட்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

எண்பதுகளின் பின்பாதி. அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கிளையில் நான் கள அலுவலர். வேலை இதுதான்: மாதம் ஒரு முறை பட்டறை பட்டறையாகப் போய், கடன் வாங்கியவரிடம் சொன்னபடி சரக்கு இருக்கிறதா என்று எண்ண வேண்டும். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பின் அடியில் இரும்புச் சீவல் குத்த, கையில் அட்டையும் பேனாவுமாக நான் போவதைப் பார்த்து லேத்தில் நிற்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பொம்பளை வந்து இரும்பை எண்ணுகிறாளே என்கிற அதிசயம். அந்த அதிசயம் எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அங்கேதான் ஏகாம்பரத்தைச் சந்தித்தேன். கள்ளிக்குப்பத்துக்காரர். குடும்பத்தில் விவசாயம் பார்த்தவர்கள். தன் பங்குக்கு வந்த நிலத்தில் பாதியை மனைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் கொட்டகை போட்டு மூன்று லேத் வாங்கி வைத்திருந்தார். நாலு ஆட்கள். அவரும் அவர்களோடு நின்று வேலை செய்வார். நான் போகும்போதெல்லாம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, இருக்கிற ஒரே ஸ்டூலை எனக்குப் போடுவார்.

ஒரு நாள் அவர் கடைசல் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது மில்லிமீட்டருக்கு வர வேண்டிய உருப்படியை நாற்பதே முக்காலில் நிறுத்தினார். அளந்தார். டூலை மாற்றினார். பிறகு மெல்ல மெல்ல எடுத்தார்.

"மொதல்லயே நாப்பதுக்கு எடுத்துட்டா ஒரு வேலை மிச்சம்தானே?" என்றேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"அத்தெப்டி மேடம்? டூல் ஒரு முடி அளவு உள்ள பூந்துச்சுன்னா பீஸ் காலி. எடுத்த இரும்ப திரும்ப ஒட்டவா முடியும்? அதான் கொஞ்சம் விட்டு வெச்சிக்கினு அப்பால எடுக்கறது."

தலையாட்டிவிட்டு வந்தேன். தையல்கார அக்கா சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றே என்று அப்போது உறைக்கவில்லை.

ஏகாம்பரத்துக்கு இருந்த கடன் வரம்பு மிகச் சிறியது, பதினைந்தாயிரம். லாரிப் பட்டறைகளுக்கு புஷ் என்கிற உருளை வளையங்களைக் கடைந்து கொடுப்பதற்கான இரும்புக் கம்பி வாங்கவே அது சரியாகப் போகும். அதை உயர்த்தித் தரச் சொல்லி விண்ணப்பித்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் வராது. பத்துப் பட்டறைக்குக் கணக்கு எழுதும் ஒரு கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து எழுதி வருகிறேன் என்றார். "எதுக்கு அவருக்கு ஐம்பது ரூபாய் அழறீங்க, நானே எழுதறேன்" என்றேன். நல்ல மனசு. நல்ல மனசோடு செய்கிற தப்புக்குத்தான் கனம் அதிகம்.

கொட்டகையின் ஒரு மூலையில் வார்ப்பிரும்பு உருப்படிகள் அடுக்கி வைத்திருந்தார். காஸ்டிங் என்பார்கள். பம்புக்கு மேல் மூடியாக வருகிற மாதிரி உருண்டை உருண்டையாக, அழகாக, பத்துப் பத்தாக அடுக்கு. மொத்தம் நூற்றறுபது. குனிந்து நிமிர்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். முதுகு போய்விட்டது. சந்தையில் இதன் விலை என்ன என்று வேறொரு இடத்தில் விசாரித்தேன். ஒன்று ஐந்நூறு. ஆக எண்பதாயிரம். அவருடைய கம்பியும் முடிந்த புஷ்ஷும் ஓர் இருபதாயிரம். மொத்தம் ஒரு லட்சம். படிவத்தில் முத்து முத்தாக எழுதி, "இங்க கையெழுத்து போடுங்க" என்று விரலால் காட்டினேன். போட்டார். நான் என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. இது யாருடையது என்று நானும் கேட்கவில்லை.

அம்பத்தூரில் பாதிப் பட்டறைகள் அப்போது எப்படி நடந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாடிப் பக்கம் இருக்கிற பெரிய தொழிற்சாலை தன் காஸ்டிங்கை லாரியில் அனுப்பும். பட்டறைக்காரர் அதைக் கடைந்து, துளை போட்டு, திருப்பி அனுப்புவார். கடைசல் கூலி மட்டும்தான் அவருக்கு. இரும்பு அவருடையது இல்லை. அந்தச் சந்தில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூட இது தெரியும். முதுகலைப் பட்டம் வாங்கின எனக்குத் தெரியவில்லை.

எழுபத்தைந்தாயிரம் கொடுக்கலாம் என்று பரிந்துரை எழுதி மேலாளரிடம் வைத்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். படித்துவிட்டு அறுபது என்று திருத்தினார்.

"சார், கணக்கு சரியா எழுபத்தஞ்சு வருது."

"வரட்டும். இப்ப அறுபது போதும்."

ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

ஆயுத பூஜைக்கு ஏகாம்பரம் அழைத்தார். போனேன். கொட்டகை முழுக்க மாவிலைத் தோரணம், ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். நடுவில் புதிதாக ஒரு மில்லிங் மெஷின் நின்றது. செகண்ட் ஹேண்ட், நாற்பத்து நாலாயிரம் ரூபாய். சரக்கு வாங்கக் கொடுத்த பணத்தில் மெஷின் வாங்கியிருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அவர் மனைவி சரோஜா ஒரு தட்டு நிறையச் சுண்டலும் பொரியும் கொடுத்தார். நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து வழக்கம்போல எண்ணப் போனேன். மூலையில் ஒரு காஸ்டிங்கும் இல்லை. தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

"எங்க ஏகாம்பரம், சரக்கு?"

"லாரி வந்து எத்துக்கினு பூட்டாங்க மேடம். அந்த மாடலே நிறுத்திட்டாங்களாம். கடைஞ்சது, கடையாதது, எல்லாத்தையும் ஏத்திக்கினு பூட்டான்."

"அவங்க எப்படி உங்க சரக்கை எடுக்கலாம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவுங்க சரக்கு அவுங்க எத்துக்கினாங்க. நம்முளுது இன்னா கீது அதுல? கூலி தான் நம்முளுது."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுண்டலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அவருக்குச் சேர வேண்டிய வரம்பு பதினைந்தாயிரம்தான். வாங்கியிருப்பது அறுபதாயிரம். இன்னும் மூன்று வாரத்தில் வட்டார அலுவலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வரப் போகிறார். அவர் வந்து பார்த்தால் கடனை ஒரே தவணையில் திருப்பிக் கேட்பார்கள். கட்ட முடியாது. கொட்டகைக்குப் பூட்டு, மெஷின்கள் ஏலம். நாலு பேர் வேலை, பாதி நிலத்தைக் கொடுத்து ஏகாம்பரம் போட்ட முதல், எல்லாம் போய்விடும். அந்த மனிதர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மூஞ்சி சுண்டிப்போயிற்று. பிறகு என்னையே தேற்ற ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க பேஜாராவாதீங்க மேடம். பக்கத்து ஷெட்டு முனுசாமி கையில நூறு காஸ்டிங் கீது. ஆபீசர் வர்ற அன்னிக்கி ஒரு நாள் குடுடான்னா குட்ப்பான். மீன்பாடி வண்டில ஏத்தினா அஞ்சு நிமிசம். சாயங்காலம் திருப்பிக் குடுத்துர்லாம். இந்தச் சந்துல எல்லாரும் செய்றது தான்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும் தான். நீங்க இந்த ஷெட்டுல எண்ணிக்கினு டீ குடிக்கற நேரத்துல அது அடுத்த ஷெட்டுக்குப் பூடும்."

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த ஒரு காஸ்டிங். அதே சில்லு, அதே இடம். அந்த மாதம் மூன்று பட்டறைகளில் அதைப் பார்த்து, இந்தப் பேட்டையில் வார்ப்பு வேலை சரியில்லை என்று குறிப்பு வேறு எழுதியிருந்தேன். ஒரே உருப்படிக்கு மூன்று பேருக்கு மூன்று முறை கடன் கொடுத்த ஒரே அலுவலர் நானாகத்தான் இருப்பேன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏகாம்பரமும் சிரித்தார். அடுத்த மாதத்திலிருந்து கையில் சாக்பீஸ் கொண்டுபோய், எண்ணிய ஒவ்வொன்றிலும் கோடு போட ஆரம்பித்தேன். நீங்களும் போடுங்கள்.

ஆனால் முனுசாமியின் காஸ்டிங் என் மனதை விட்டுப் போகவில்லை. அதுதான் ஆசை காட்டுகிற இடம். அந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு வரும். அதிகாரி எண்ணிவிட்டுப் போவார். ஏகாம்பரம் பிழைப்பார், நானும் பிழைப்பேன், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாள் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தடுத்தது யோக்கியதை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. பயம்தான். இன்று ஒரு நாள் பொய், அடுத்த மாதமும் அதே வண்டி, அதற்கடுத்த மாதமும். எந்த மாதம் நிறுத்துவது? நிறுத்துகிற அன்றைக்கு மாட்டிக்கொள்ளப் போவது ஏகாம்பரம்தான். என்னை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை மேலாளர் அறைக்குள் போய் முழுவதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்கும் ஏகாம்பரத்துக்கும் சார்."

"இப்ப எனக்கும் தெரியும். அப்ப எழுதிட வேண்டியதுதான். நீங்களே எழுதுங்க."

வெளியே வந்து, வட்டார அலுவலகத்துக்குக் குறிப்பு எழுதினேன். சரக்கு மதிப்பீட்டில் தவறு நேர்ந்துவிட்டது என்று ஆரம்பித்திருந்தேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தானா நேர்றதுக்கு இது என்ன மழையா? யார் எண்ணினது?"

"நான்தான் சார்."

"அதை எழுதுங்க."

எழுதினேன். அதன் பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். சரக்கின் பேரில் பதினைந்தாயிரம் நியாயமாக நிற்கும். மில்லிங் மெஷின் அவருடையது, கண்ணெதிரே இருக்கிறது. அதன் பேரில் தனியாக ஒரு மெஷின் கடன் போட்டால் முப்பத்து மூவாயிரம் கிடைக்கும். ஆக நாற்பத்தெட்டு. அறுபதுக்குப் பன்னிரண்டாயிரம் குறைகிறது. அதை ஏகாம்பரம் ரொக்கமாகக் கொண்டுவந்து கட்டிவிட்டால் கணக்கு நிமிர்ந்துவிடும். நான் சொன்ன எழுபத்தைந்தைக் கொடுத்திருந்தால் குறைவது இருபத்தேழாயிரமாக இருந்திருக்கும். மேலாளர் இதைச் சொல்லிக் காட்டவில்லை. நானாகவே கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டாயிரத்துக்கு எங்கே போவது? மீதி நிலத்தை விற்கிறேன் என்றார் ஏகாம்பரம். சரோஜா தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கு யாராவது தர வேண்டியது இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. பாடித் தொழிற்சாலை கடைசல் கூலி பதினாலாயிரம் பாக்கி வைத்திருந்தது. ஆறு மாதப் பாக்கி.

"கேக்கலியா?"

"கேட்டா அடுத்த ஆர்டர் வராது மேடம். ரெண்டு தபா போனேன். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு டபாய்க்கிறாங்க."

மறுநாள் இருவரும் பாடிக்குப் பஸ் ஏறினோம். கொள்முதல் பிரிவில் இருந்த அதிகாரி என்னை உட்கார வைத்து, காபி வரவழைத்து, மிகுந்த மரியாதையோடு அடுத்த வாரம் என்றார். சண்டை போட்டால் ஏகாம்பரத்துக்குத்தான் கெடுதல். காபியைக் குடித்து முடித்தேன்.

"சார், பணத்துக்காக நான் வரலை. உங்க பொருள் ஏதாவது இவர் ஷெட்டுல இருந்தா ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க. அதுக்காகத்தான் வந்தேன்."

"காஸ்டிங் எல்லாம் எடுத்தாச்சே."

"காஸ்டிங் எடுத்துட்டீங்க. உங்க அளவுக் கருவிகள், ஜிக் எல்லாம் ஒரு அலமாரி நிறைய அங்கதான் இருக்கு. இன்னும் ரெண்டு வாரத்துல இவர் கணக்கு சரியாகலைன்னா ஷெட்டுக்குப் பூட்டுப் போடுவாங்க. உள்ள இருக்கறது எல்லாம் இவருதுன்னுதான் எங்க ஆளுங்க எண்ணுவாங்க." பிறகு, "நானே அப்படி எண்ணினவதான் சார்" என்றேன்.

மிரட்டலா என்று கேட்பீர்கள். சத்தியமாக இல்லை. அப்படியே நடந்திருக்கும், எங்கள் பூட்டுக்கு யாருடைய பொருள் என்று தெரியாது. அந்த அதிகாரி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். நாலாம் நாள் காசோலை வந்துவிட்டது. ஏகாம்பரம் பன்னிரண்டாயிரத்தைக் கட்டினார். மேலாளர் மெஷின் கடனுக்குக் கோப்புப் போட்டு, ஆய்வு அதிகாரி சம்மதித்தால் நடைமுறைக்கு வரும் என்று எழுதி வைத்தார். எல்லாம் இனி அந்த மனிதர் கையில்தான்.

அவர் வந்தது கார்த்திகை மழை விட்ட ஒரு காலை. சந்தில் முழங்காலளவு தண்ணீர். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொள்ள, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ள, இருவரும் நடந்தோம். நல்ல உயரம், சிரிக்காத முகம். என் குறிப்பை ஏற்கெனவே படித்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவே எனக்குக் கிலியாக இருந்தது.

கொட்டகைத் தரையில் ஏகாம்பரம் மஞ்சள் பெயிண்டால் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தார். ஒரு பக்கம் அவருடைய சரக்கு. மறுபக்கம் வேறு கம்பெனிகளிலிருந்து கடைசலுக்கு வந்த நாலைந்து உருப்படிகள், ஒவ்வொன்றிலும் கம்பெனியின் பெயர் எழுதிய சீட்டு. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதிகாரி கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த கம்பிகளை அளந்தார், புஷ்களை எண்ணினார். இருபதாயிரத்துச் சொச்சம்தான் வந்தது.

"இவ்வளவு சின்ன சரக்கை வெச்சுக்கிட்டு அறுபதாயிரம் வாங்கியிருக்கீங்க," என்றார் ஏகாம்பரத்திடம். "இந்தக் கணக்கை நான் ஏன் நீடிக்க விடணும்?"

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் வாசலில் மணிச் சத்தம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. நிறைய காஸ்டிங். ஓட்டி வந்தவர் பக்கத்து ஷெட்டு முனுசாமி. ஏகாம்பரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தும், நண்பன் மானம் போகக் கூடாதே என்று அவராகவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அதிகாரியைப் பார்த்ததும் முனுசாமி நடிக்க ஆரம்பித்தார். "இன்னாண்ணாத்தே, பெயிண்ட் அடிக்கக் குட்த்த ஒன் சரக்கு ரெடி. எங்க எறக்க?"

அதிகாரி வண்டியைப் பார்த்தார். ஏகாம்பரத்தைப் பார்த்தார். "இது உங்களுதா?"

லேத்துகள் நின்றிருந்தன. நாலு ஆட்களும் அசையவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐம்பதாயிரம் ரூபாய் சரக்கு கூடிவிடும், கேள்வியே இருக்காது.

"இல்ல சார்," என்றார் ஏகாம்பரம். "என்னுது இல்ல. என்னுது அந்தக் கோட்டுக்கு இந்தாண்ட கீறது மட்டும் தான். இவன் என் சிநேகிதன். எனக்கோசரம் எத்துக்கினு வந்துட்டான். அவன ஒண்ணியும் சொல்லாதீங்க."

முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார். தண்ணீரில் அது திரும்ப மறுத்து, நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ள வேண்டியதாயிற்று. அதிகாரியும் ஒரு கை கொடுத்தார்.

கையைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "இருபது வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன். இல்லாததை இருக்குன்னு சொல்றவங்களைத்தான் பார்த்திருக்கேன்." அவ்வளவுதான். ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷின் கடனுக்குச் சம்மதம் எழுதி அங்கேயே கையெழுத்துப் போட்டார். சரோஜா வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதிருப்பேன், ஆனால் அடுத்த தாளில் அதிகாரி என்னைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். என் பணி உறுதியாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. குறைச்சலான தண்டனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஏகாம்பரம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினார். மில்லிங் மெஷினால் புது வேலைகள் வந்தன, சொந்தச் சரக்கும் பெருகியது. அடுத்த ஆண்டு கணக்கைப் புதுப்பிக்கக் கிளைக்கு வந்தார். இந்த முறை ஒவ்வொரு உருப்படிக்கும் ரசீது பார்த்து, யாருடையது என்று கேட்டு, சாக்பீஸ் கோடு போட்டு நான் எண்ணியிருந்தேன். மார்ஜின் கழித்தது போகத் தொண்ணூறாயிரம் வந்தது. பெருமையோடு படிவத்தை அவர் முன் வைத்தேன். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"எழுவது போதும் மேடம்."

"தொண்ணூறு வரைக்கும் கிடைக்குமே ஏகாம்பரம். நல்ல கணக்கு, மேனேஜரும் ஒத்துக்குவார். இருபதை ஏன் விடறீங்க?"

"இருக்கட்டும் மேடம்."

"அதான் ஏன்?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்து, நான் காட்டாமலே சரியான இடத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு மிகவும் மரியாதையாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இந்தத் தபாவும் நீங்க தானே எண்ணுனீங்க?"

எழுபது என்றே எழுதினேன்.